தைலப் புட்டியில் ஒட்டிய முகம்

மகனே,

உன்னைப் பம்பாய் ரயிலில் ஏற்றிவிட்டு வந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. ரயில் கிளம்பும் முன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டாய். தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று சொன்னேன். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. உன் அப்பாவும் நானும் வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றும்போது அவர், "அவ்வளவு தூரம் போறவனுக்குச் சொல்ல உனக்குத் தண்ணி மட்டுந்தான் இருந்ததா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். இருபத்திரண்டு வயதில், படம் வரையத் தெரியும் என்கிற ஒரே தைரியத்தில், சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லாத ஊருக்குத் தகரப்பெட்டியோடு வந்து இறங்கியவள் நான். இப்போது நீயும் அதே வயதில், அதே தைரியத்தில் போயிருக்கிறாய். விளம்பரக் கம்பெனியில் படம் போடுகிற வேலைக்குப் போகிற பிள்ளைக்கு, லேபிள் வரைந்து பிழைத்த அம்மா சொல்ல எவ்வளவோ இருக்க வேண்டும்.

இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. உனக்குப் பத்து வயதிருக்கும், பீரோவில் இருந்த காக்கி உறையைத் திறந்து, நான் அச்சகத்தில் வரைந்த லேபிள்களை உனக்குக் காட்டினேன். ஊதுபத்தி, சாம்பிராணி, பிஸ்கட் டின், பட்டாணி மாவு என்று தரை முழுக்கப் பரப்பி வைத்துப் பார்த்தாய். இதில் ரொம்ப விற்றது எது என்று கேட்டாய். சாம்பிராணி என்று பொய் சொன்னேன். ரொம்ப விற்றது ஒரு கூந்தல் தைலத்தின் லேபிள். அது அந்த உறையில் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன்னோடு அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. இது உன் லூர்து சித்தியின் கதையும்கூட. போன ஞாயிற்றுக்கிழமை கொருக்குப்பேட்டையில் அவளுடைய தையல் கடைக்குப் போய், எழுதட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன். பட்டன் துளை போட்டுக்கொண்டே, "எழுதேன், எனுக்கு இன்னா" என்றாள்.

நான் மெட்ராசுக்கு வந்தது அறுபதுகளின் பின்பாதியில். பாளையங்கோட்டையில் டிராயிங் பரீட்சை பாஸ் செய்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாழை இலையும் கூஜாவும் வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ராயபுரம் கல்மண்டபம் பக்கம் லேபிள் அச்சகம் வைத்திருந்த அண்ணாச்சிக்கு எங்கள் பக்கத்து ஊர். ஒரு கல்யாண வீட்டில் நான் வரைந்த வாழ்த்து மடலைப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளையை அனுப்புங்கள் என்று உன் தாத்தாவிடம் கேட்டார். பெண்பிள்ளையைத் தனியாக மெட்ராசுக்கா என்று சொந்தக்காரர்கள் ஒரு மாதம் பேசித் தீர்த்தார்கள். தாத்தா பேசுகிறவர் இல்லை. ஒரு நாள் கடைத்தெருவுக்குப் போய்ப் பூட்டோடு ஒரு தகரப்பெட்டி வாங்கி வந்து என் கட்டிலுக்கு அருகில் வைத்தார். அதுதான் அவருடைய சம்மதம்.

அச்சகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, மாதா கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், சூசை மாமா வீட்டில் ஓர் அறை கிடைத்தது. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அவர் மனைவி திரேசா அத்தை. ஒரே மகள் லூர்து, என்னைவிட இரண்டு வயது இளையவள். முதல் நாள் அத்தை என்னைப் பார்த்து "குந்து" என்றார். எனக்கு விளங்கவில்லை. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். லூர்துதான் என் தோளை அழுத்திப் பாயில் உட்கார வைத்தாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிபட ஆறு மாதம் ஆயிற்று. ஊருக்கு எழுதிய முதல் கடிதங்களிலெல்லாம் அதைக் கேலி செய்திருக்கிறேன். என் தங்கைகள் அதைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார்களாம். அந்த ஆறு மாதத்துக்கு அப்புறம், மீன்காரியிடம் "இன்னா வெலைம்மா சொல்ற" என்று நானே கேட்டபோது திரேசா அத்தை வாசலில் நின்று ரசித்ததுதான் எனக்கு மெட்ராஸ் கொடுத்த முதல் பட்டம். நீ போயிருக்கிற ஊரிலும் ஒரு பேச்சு இருக்கும். அதைக் கேட்டுச் சிரிக்காதே. சோறு போடுகிறவர்கள் பேசுகிற பேச்சு அது.

அந்த வீட்டை இப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது வாசனைதான். ஒரு பக்கம் கடல் காற்று, ஒரு பக்கம் காயவைத்த நெத்திலி, நடுவில் லூர்துவின் தையல் மெஷினுக்குப் போடுகிற எண்ணெய். துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிற நாட்களில் கொடியில் காய்கிற துணியில் கறுப்புப் பொடி படிந்துவிடும். அத்தை அதை உதறிக்கொண்டே கப்பலைத் திட்டுவார். கப்பலை ஏன் திட்டுகிறாய், அதுதான் நமக்கு அரிசி போடுகிறது என்பார் மாமா. காலையில் துறைமுகத்துச் சங்கு ஊதினால் அந்தச் சந்து முழுக்க ஒரே நேரத்தில் கதவு திறக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பூசைக்குப் போவார்கள், நான் பஸ் பிடித்து எங்கள் புராட்டஸ்டண்ட் கோவிலுக்குப் போவேன். "நீங்க மாதாவ கும்புட மாட்டீங்களாமே" என்று அத்தை ஒரு நாள் வருத்தமாகக் கேட்டார். அதற்குப் பிறகு என் பங்குக்கும் சேர்த்து அவரே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். மதியம் வஞ்சிரக் குழம்பு. எனக்கும் லூர்துவுக்கும் ஒரே தட்டுதான். தனித்தட்டு கழுவுவது பேஜாரு என்று அவள் முதல் வாரமே சொல்லிவிட்டாள்.

லூர்துவுக்கு முடி முழங்காலைத் தொடும். தலைக்குக் குளித்துவிட்டு மொட்டை மாடியில் உலர்த்த நின்றால் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து தொட்டுப் பார்ப்பார்கள். முகத்தில் பெரியம்மைத் தழும்பு. ஏழு வயதில் வந்ததாம். இரண்டு கன்னத்திலும், நெற்றியிலும், மூக்கின் நுனியிலும் குழிக்குழியாக இருக்கும். உனக்கு அது தழும்பு என்றே தோன்றியிருக்காது. நீ குழந்தையாக அவள் மடியில் உட்கார்ந்து அந்தக் குழிகளில் விரலை வைத்து எண்ணிக்கொண்டிருப்பாய். அது சித்தியின் முகம், அவ்வளவுதான் உனக்கு. எனக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அச்சகத்தில் முதல் ஒரு வருஷம் எனக்குக் கொடுத்தது ஓரங்கள் மட்டுமே. கொடி, இலை, பூ, சங்கு. நடுவில் வருகிற உருவத்தை அங்கே ரொம்ப நாளாக இருந்த ஒரு பெரியவர் வரைவார். அவர் கண் சிகிச்சைக்காக ஊருக்குப் போன சமயத்தில் அந்தக் கூந்தல் தைல வேலை வந்தது. பெண் உருவம் வேண்டும், இரண்டு வாரத்தில் வேண்டும். நான் வரைகிறேன் என்று அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஓட்டமாக வீட்டுக்கு வந்து லூர்துவிடம் சொன்னேன். "நானா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஆமாம், நீதான் என்றேன். இரண்டு ஞாயிறு மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கழுத்து வலித்தாலும் அசையவில்லை. என் கையிலிருந்து வந்த முதல் உயிருள்ள உருவம் அது. கன்னத்தில் வெயில் விழுந்த இடத்தில் தழும்புகளைச் சின்னச் சின்ன நிழலாகப் போட்டிருந்தேன். அது படத்துக்கு அழகாகவே இருந்தது.

அண்ணாச்சி ரொம்ப நேரம் பார்த்தார். முடி நன்றாக இருக்கிறது, கண்ணும் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு விரலால் கன்னத்தைக் காட்டினார். "இந்தக் குழியெல்லாம் எதுக்கு பிள்ள? தலைக்குத் தேய்க்க வாங்க வாரவ இதப் பாத்தா வாங்குவாளா? எடுத்துரு. கொஞ்சம் நெறமாவும் ஆக்கிரு." அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது ஒரு சரக்கு. அப்போது நான் இரண்டு காரியம் செய்திருக்கலாம். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அது முடியாவிட்டால், முகத்தையே அழித்துவிட்டு வேறு யாரோ ஒரு பெண்ணை வரைந்திருக்கலாம். நான் இரண்டையும் செய்யவில்லை. அந்தக் கண்களை நான் அவ்வளவு நன்றாகப் போட்டிருந்தேன், அவற்றை விட மனம் வரவில்லை. வெள்ளையும் ரோஸும் குழைத்து, ஒரு மணி நேரத்தில் லூர்துவின் கன்னத்தை வழவழவென்று ஆக்கிவிட்டேன். செய்யும்போது ஒரு சந்தோஷமும் இருந்தது. அவளுக்கு ஏதோ நன்மை செய்கிற மாதிரி.

லேபிள் அச்சாகி வந்த அன்று சூசை மாமா அதை மாதா படத்துக்குக் கீழே ஒட்டினார். துறைமுகத்துக்கு இரண்டு எடுத்துப்போய்க் காட்டினார். திரேசா அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே, அம்மை வராமல் இருந்திருந்தால் என் பெண் இப்படித்தான் இருந்திருப்பாள் என்றார். லூர்து கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில், முடி நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அவள் வேறு எதையும் சொல்லவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. தைலம் விற்றது. ராயபுரத்தில் ஆரம்பித்து காலடிப்பேட்டை வரைக்கும் எந்த மளிகைக் கடையில் நின்றாலும் அலமாரியிலிருந்து லூர்துவின் கண் என்னைப் பார்க்கும். பஸ்ஸில் போகும்போது எண்ணிக்கொண்டே போவேன்.

நாலைந்து மாதம் கழித்து, எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த பையனுக்கு வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பெண் தேடுகிறார்கள் என்று ஒரு தரகர் வந்தார். லூர்து அப்போது வெளியே போயிருந்தாள். போட்டோ கேட்டார். லூர்து ஒருபோதும் போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. சூசை மாமா உள்ளே போய் ஒரு லேபிளை எடுத்து, தைலத்தின் பெயர் தெரியாதபடி சுற்றிலும் கத்திரித்துக்கொண்டு வந்தார். கொடுப்பதற்கு முன் என்னைப் பார்த்தார். "இத்த குட்தா போதும் இல்ல, ஆர்ட்டிஸ்ட்டு?" என்று கேட்டார். போதும் மாமா என்று சொன்னேன். நான் அந்த அச்சகத்தில் வெள்ளைச் சாயம் பூசியதைவிட, இந்த ஒரு வார்த்தைதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அவர் தெரியாமல் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்டார். யாராவது வேண்டாம் என்று சொல்லட்டும் என்று கேட்டார். நான் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொன்னால் என் படம் பொய் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். பையன், அவன் அம்மா, ஒரு மாமன். பையன் நல்ல பையன், தலையே நிமிரவில்லை. லூர்து நீலப் புடவையில் காபித் தட்டோடு வந்தாள். நான் சமையல்கட்டு வாசலில் நின்றேன். பையனின் அம்மா காபியை எடுத்துக்கொண்டார், லூர்துவைப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். கைப்பையைத் திறந்து நான் வரைந்த முகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இதை யார் வரைந்தது என்று அமைதியாகக் கேட்டார். சூசை மாமா என்னைக் காட்டினார். அந்த அம்மாள் என்னைப் பார்த்துத்தான் பேசினார், லூர்துவை அல்ல. "இந்தப் பொண்ணு எங்கம்மா? இதத்தான் நாங்க பாக்க வந்தோம்." அவ்வளவுதான் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. காபியை மரியாதையாகக் குடித்து முடித்து, படத்தைப் பாயின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். லூர்து தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

யாரும் என்னைத் திட்டவில்லை. அத்தை வழக்கம்போல் சோறு போட்டார், என் முகத்தைப் பார்க்காமல் போட்டார். மாமா மாதா படத்துக்குக் கீழே இருந்த லேபிளைச் சுரண்டி எடுத்தார், சுவரில் ஒரு சதுரம் மட்டும் நின்றது. லூர்து தனித்தட்டில் சாப்பிட்டாள். நாலாவது நாள் நான் பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தேன். ஊருக்குத் திரும்பிவிடலாம், மறுபடி வாழை இலையும் கூஜாவும் வரையலாம் என்று நினைத்தேன். லூர்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மன்னித்துக்கொள், அண்ணாச்சி சொன்னார், அதனால்தான் என்று ஏதோ ஆரம்பித்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"அவுங்க வாயால சொல்ட்டாங்க, நீ கையால சொன்ன. அவ்ளோதான் வித்தியாசம். அந்தம்மா என்ன ஒரு தபாதான் பாத்துது, அத்த நான் தப்பு சொல்ல மாட்டேன். நீ ரெண்டு வருசமா என்கூட ஒரே தட்டுல துன்னுகினு கீற. என் மூஞ்சி உனுக்குப் புடிக்கலன்னு ஒரு நாளு கூட எனுக்குத் தெரியாம பூட்சே."

எனக்குப் பிடிக்கும் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெட்டியிலிருந்து என் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள். "நீ பூட்டா மட்டும் அந்தப் படம் கடையில இல்லாம பூடுமா? இங்கயே இரு. இருந்து பாரு" என்றாள். அது மன்னிப்பு இல்லை. தண்டனை என்றுதான் எனக்குப் பட்டது. இருந்தேன்.

மறுநாள் அண்ணாச்சியிடம் போய் அந்த லேபிளை மாற்றித் தருகிறேன், கூலி வேண்டாம் என்று கேட்டேன். விற்கிற சரக்கின் முகத்தை யாராவது மாற்றுவார்களா என்று அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் கல்யாணம் செய்துகொண்டு அந்த வீட்டை விட்டுப் போன பிறகும் அது விற்றுக்கொண்டுதான் இருந்தது. லூர்து பருப்பு வாங்கப் போனால், தன் தலைக்கு மேலே அலமாரியில் தானே வழவழவென்று சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே வாங்க வேண்டும். தெருப் பிள்ளைகள் அந்தத் தைலத்தின் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டார்கள். ஒரு மாதிரி பழகிக்கொண்டாள். எங்கள் சாப்பாடு மறுபடி ஒரே தட்டுக்கு வர ஏழெட்டு மாதம் ஆயிற்று. என்றைக்கு வந்தது என்று இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை. ஆனால் எனக்காக அவள் அதற்கப்புறம் ஒருபோதும் உட்காரவில்லை. நான்கு தடவை கேட்டேன், இருக்கிறபடியே வரைகிறேன் என்று. நான்கு தடவையும், வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டாள். நான் வரைந்த முகங்களிலேயே நல்ல முகம், பூசி மறைக்கும் முன் இருந்த அந்த முகம்தான். அது என்னிடம் இல்லை. அவளிடமும் இல்லை. வெள்ளை பூசிய அந்த லேபிளைக் காக்கி உறையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது உனக்குத் தெரியும். கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட்டுக்கு அருகில் கடை போட்டாள், கூட்ஸ் வண்டிகள் போகிற சத்தத்தில் மெஷின் சத்தமே கேட்காத அந்தக் கடை. நீ பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போன அரைக்கால் சட்டைகள் எல்லாம் அங்கே தைத்தவைதான். பல வருஷம் கழித்து ஒரு நாள், தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, உனக்குக் கல்யாணம் அமையாததற்கு அந்த லேபிள்தான் காரணமா என்று கேட்டேன். கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "எல்லாத்துக்கும் நீதான் காரணமா? ரொம்பத்தான் பெருமை உனுக்கு" என்றாள். அன்றைக்கு இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

பம்பாயில் உன்னிடமும் யாராவது வந்து, இந்தக் குழியை எடு, இவளைக் கொஞ்சம் வெளுப்பாக்கு என்று சொல்வார்கள். உன் தொழில் அதுதான். எப்போதும் முடியாது என்று சொல்லிக்கொண்டிருக்க உன்னால் முடியாது, வேலை போய்விடும். அது எனக்குத் தெரியும். நான் கேட்பது அவ்வளவு பெரிய காரியம் இல்லை. உனக்குச் சோறு போடுகிற வீட்டிலிருந்து ஒரு முகத்தை எடுத்தால், அதில் கை வைக்கும் முன் அந்த முகத்துக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேள். கேட்க வெட்கமாக இருந்தால், அப்போதே தெரிந்துகொள், செய்யக் கூடாத எதையோ செய்யப் போகிறாய். எனக்கு இருபத்திரண்டு வயதில் இதைச் சொல்ல யாரும் இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருப்பேனா தெரியாது, அந்தக் கண்களை அவ்வளவு நன்றாகப் போட்டிருந்தேன்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். எழுபதுகளின் ஆரம்பத்தில், அதே அச்சகத்தில் எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டிருந்த உன் அப்பாவுக்கும் எனக்கும் கல்யாணம் நிச்சயமானது. நான் அந்தச் சந்து வீட்டிலிருந்துதான் மணப்பெண்ணாகப் புறப்பட்டேன். ரவிக்கை லூர்து தைத்தது. அன்று காலை அவள்தான் எனக்குத் தலை பின்னி, பூ வைத்து, என்னை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்தாள். நான் என்ன நிறம் என்று உனக்குத் தெரியும். அவள் பவுடர் டப்பாவைத் திறந்து, பஞ்சை எடுத்து, என் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து அப்படியே நிறுத்திக்கொண்டாள். "போடட்டா, வோணாமா? உன் மூஞ்சி. நீ சொல்லு" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். வாசலில் மாமா வண்டி வந்துவிட்டது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் எனக்கு அன்றைக்கு வெளுப்பாக இருக்க வேண்டும் போல ரொம்ப ஆசையாக இருந்தது, தம்பி. கொஞ்சம் போடு என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போட்டாள், காதுக்குப் பின்னால் வரைக்கும் ஒன்றுவிடாமல் போட்டாள். கூடத்தில் மாட்டியிருக்கிற எங்கள் கல்யாணப் படத்தில் நான் இருப்பதைவிட ஒரு சுற்று வெளுப்பாகத்தான் இருக்கிறேன். அது நானே கேட்டு வாங்கிக்கொண்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். அறையில் எத்தனை பேர், சாப்பாடு யார் செய்கிறார்கள், அவர்கள் பெயர் என்ன என்று விவரமாக எழுது.

அம்மா